சுரங்கக் குட்டையின் கலிங்கு போதுமா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே இந்த வேலை உங்களிடம் வந்துவிடும். "மழை சீசன் வரப்போகுது தம்பி, கீழே இருக்கிற குட்டைக்குக் கலிங்கு போதுமான்னு பார்த்து ஒரு ரிப்போர்ட் கொடுங்க" என்று மேனேஜர் சொல்வார். கலிங்கு என்றால் குட்டை நிறைந்தால் மிச்சநீர் வெளியேறும் வாய். கையில் ஒரு பழைய வரைபடம் கிடைக்கும். அதில் இருக்கும் எண்களைச் சூத்திரத்தில் போட்டு, சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி முடித்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வரைபடத்தில் இருக்கும் கலிங்கும் தரையில் இருக்கும் கலிங்கும் பல இடங்களில் ஒன்றாக இருப்பதில்லை. மழைநீர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வருவதும் இல்லை.

சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்கல் என்று ஊரில் சொல்லும் மேக்னசைட் எடுத்த இடங்கள் அவை. சேர்வராயன் மலை மேல் பாக்சைட் எடுத்த தட்டுகளும் உண்டு. எந்தக் கனிமமானாலும் கழிவுமண் மேட்டிலிருந்து மழையில் கரைந்து வரும் மண் ஊர் ஓடைக்கும் ஏரிக்கும் போகக்கூடாது. அதற்காக மேட்டின் அடிவாரத்தில் மண்கரை போட்டு ஒரு குட்டை கட்டுவோம். கலங்கல் நீர் அதில் நின்று, மண் அடியில் படிந்து, தெளிந்த நீர் மட்டும் கலிங்கு வழியாக வெளியேற வேண்டும். கலிங்கை மறுகால் என்றும் கோடி என்றும் கடைவாசல் என்றும் ஊருக்கு ஊர் ஒவ்வொரு பெயரில் சொல்கிறார்கள். உங்கள் சுரங்கத்தில் 'ஸ்பில்வே' என்றே சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்.

ஒரு விஷயம் மனதில் நன்றாகப் பதிய வேண்டும். கல்லணை மாதிரி கட்டுமானத்தின் மேல் தண்ணீர் ஏறி வழியலாம், கட்டுமானம் நிற்கும். மண்கரையின் மேல் வழியக்கூடாது. முதலில் வெளிச்சரிவில் ஒரு விரல் அகலத்துக்கு மண் அரிக்கும். அந்த அரிப்பு பின்னோக்கி ஏறி மேல்மட்டத்தைத் தொட்டதும் வாய் திறக்கும். திறந்த வாயை அடைக்க யாராலும் முடியாது. குஜராத்தில் மச்சு-2 அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று உடைந்தது இப்படித்தான். மதகுகள் வெளியேற்றக்கூடிய அளவைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்தது, இரு பக்க மண்கரைகள் மேலும் தண்ணீர் ஏறியது, மோர்பி நகரம் மூழ்கியது. நம் குட்டை அதோடு ஒப்பிட ஒரு சொட்டுதான். ஆனால் மண் அரிபடும் விதம் அதேதான். குட்டைக்குக் கீழே எடைமேடையும் தொழிலாளர் ஓய்வறையும் இருந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சொட்டே போதும்.

முதலில் நடந்து பாருங்கள்

உயர வித்தியாசம் அளக்கும் லெவல் கருவியை எடுக்கும் முன் கரை முழுக்க ஒரு முறை நடங்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு டேப் போதும். கூடவே அந்தக் குட்டையை வருடக்கணக்காகப் பார்த்துவரும் வாட்ச்மேன் அண்ணனையோ பம்ப் ஆபரேட்டரையோ அழைத்துப் போங்கள். "போன வருஷம் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுண்ணே?" என்று கேளுங்கள். அவர் கை நீட்டும் இடத்தில் வேலிக்காத்தான் முள்ளில் சருகும் பாலிதீன் கிழிசலும் ஒரே மட்டத்தில் சிக்கி நிற்கும். அதுதான் வெள்ளக்குறி. அதைப் பெயின்ட்டால் குறித்துவையுங்கள், பிறகு கணக்கில் உதவும்.

கலிங்கின் வாயில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோடையில் லாரிப் பாதைக்குத் தண்ணீர் தெளிக்க இந்தக் குட்டையிலிருந்துதான் எடுப்பார்கள். கொஞ்சம் கூடுதலாகத் தேக்கலாம் என்று கலிங்கின் குறுக்கே மணல் மூட்டை அடுக்குவார்கள், பலகை வைப்பார்கள். அடுக்கியவர் நல்ல எண்ணத்தில்தான் அடுக்கியிருப்பார். மழைக்கு முன் அதை எடுக்க வேண்டும் என்பது யாருடைய வேலை என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அது அப்படியே நிற்கும். அந்த ஒரு அடி மூட்டை என்ன செய்யும் என்பதைக் கீழே எண்ணில் காட்டுகிறேன்.

அப்புறம் கரையின் மேல்மட்டம். நான் பார்த்த ஒரு குட்டையில் தண்ணீர் லாரி கரை மேல் ஏறி நின்று குழாய் போட்டு நிரப்பும். தினம் ஆறேழு நடை. டயர் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் தொட்டில் மாதிரி குழிந்துவிட்டது. நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியவே இல்லை. குனிந்து, கரையின் ஓரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கரையின் உயரம் என்பது அதன் சராசரி உயரம் இல்லை. எங்கே மிகத் தாழ்ந்திருக்கிறதோ அதுதான் கரையின் உயரம்.

லெவல் எடுப்பது

இந்த மொத்த வேலையில் மனம் வைத்துச் செய்ய வேண்டியது இதுதான். ஆட்டோ லெவலை கலிங்கும் கரையும் இரண்டும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்டாஃபை (அளவு குறித்த நீண்ட கோல்) முதலில் கலிங்கு மட்டத்தில் வையுங்கள். தூசி, வண்டல், மூட்டை எல்லாவற்றையும் விலக்கி, கான்கிரீட் மேலேயே வைக்க வேண்டும். பிறகு கரை மேல் 5 மீட்டருக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொண்டு போங்கள். குழிவு தெரிந்த இடத்தில் 1 மீட்டருக்கு ஒன்று எடுங்கள்.

நான் சொன்ன அந்தக் குட்டையில் கலிங்கு மட்டத்தில் ஸ்டாஃப் 2.315 காட்டியது. கரையில் பெரும்பாலான இடங்களில் 1.115 சுற்றி. வித்தியாசம் 1.20 மீட்டர், வரைபடத்தில் போட்டிருந்ததும் 1.20. சரி என்று மூட்டை கட்டியிருக்கலாம். லாரி ஏறும் இடத்தில் 1.365 காட்டியது. அதாவது கலிங்குக்கும் கரைக்கும் நடுவே அங்கே 0.95 மீட்டர்தான் இருந்தது. ஸ்டாஃபில் எண் கூடினால் தரை தாழ்கிறது என்பது புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரம் குழப்பும், கவனமாக இருங்கள்.

கலிங்கின் அகலத்தை டேப்பால் அளங்கள். பக்கச் சுவர்களுக்கு நடுவே உள்ள தெளிவான அகலம் மட்டும்தான் கணக்கு. நடுவில் குழாயோ, கம்பி வலையோ, நடைபாலத்தின் தூணோ இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். அங்கே அகலம் 3 மீட்டர்.

எவ்வளவு நிலத்தின் தண்ணீர் இங்கே வருகிறது

நீர்ப்பிடிப்புப் பகுதியை இணையத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடத்தை மட்டும் வைத்துப் பிரிக்காதீர்கள். 30 மீட்டர் கட்டம் கொண்ட வரைபடத்துக்கு சுரங்கத்தைச் சுற்றி வெட்டிய உங்கள் கார்லண்ட் டிரெயின் வாய்க்கால் இருப்பதே தெரியாது. சுரங்கத்தின் சொந்த சர்வே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, எல்லைக்கோட்டிலேயே நடந்து சரிபாருங்கள். கழிவுமேடு வருடா வருடம் வளர்கிறது. மூன்று வருடம் முன் வேறு பக்கம் வடிந்த மேடு இன்று உங்கள் குட்டைக்கு வடியலாம்.

நமது எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: கழிவுமேடு 8 ஹெக்டேர், மேலே இருக்கும் கரட்டுச் சரிவு 6 ஹெக்டேர், லாரிப் பாதையும் கெட்டித்த தளமும் 4 ஹெக்டேர். விழும் மழையில் எவ்வளவு ஓடிவரும் என்பதற்கு ஓட்டக் கெழு: மேட்டுக்கு 0.5, கரட்டுக்கு 0.6, கெட்டித்த தளத்துக்கு 0.85. பெருக்கிக் கூட்டினால் 4 + 3.6 + 3.4 = 11. அதாவது 18 ஹெக்டேரில் 11 ஹெக்டேர் முழுக்க முழுக்கத் தண்ணீராக ஓடிவருவதற்குச் சமம்.

இங்கே சேர்வராயன் அடிவாரத்துக்கே உரிய ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். சேலம் நகரத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. மழை. ஏற்காட்டில் 1,500-ஐ ஒட்டி. திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறப்பது இந்த மலையில்தான். அடிவாரத்தில் உங்களுக்குத் தூறல்கூட இல்லாத மாலையில் மேலே கொட்டித் தீர்த்திருக்கும், கொஞ்ச நேரத்தில் ஓடையில் செம்மண் தண்ணீர் இறங்கும். அந்த மலைநீரைச் சுரங்கத்துக்குள் விடாமல் சுற்றி அனுப்பத்தான் கார்லண்ட் டிரெயின். அது ஒரு இடத்தில் உடைத்துக்கொண்டால், நேற்றுவரை உங்கள் கணக்கில் இல்லாத மலைச்சரிவு முழுதும் குட்டைக்குள் வந்து சேரும். 18 ஹெக்டேர் 40 ஆகலாம். ஆகவே இரண்டு கணக்கு போடுங்கள்: டிரெயின் நன்றாக இருந்தால் ஒன்று, உடைத்துக்கொண்டால் ஒன்று. இரண்டாவது கணக்குக்குக் கலிங்கைக் கட்ட முடியாமல் போகலாம். ஆனால் டிரெயினைத் தூர்வாரிக் காப்பதும் குட்டையின் பாதுகாப்பில் சேர்ந்ததுதான் என்பதை ரிப்போர்ட்டில் எண்ணோடு காட்ட அது உதவும்.

எந்த மழைக்குக் கணக்கு

அணைகளுக்கு ஐ.எஸ். 11223 என்ற விதிநூல் உண்டு. 5 லட்சம் கன மீட்டரிலிருந்து 1 கோடி கன மீட்டர் வரை கொள்ளும் சிறிய அணைக்கு நூறு வருட வெள்ளத்தை எடுக்கச் சொல்கிறது. நம் குட்டையில் பதினைந்து, இருபதாயிரம் கன மீட்டர் நின்றால் அதிகம். அந்த வரம்புக்குள்ளேயே வராது. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரம் உள்ளவற்றில் சிலவற்றையும்தான் பார்க்கிறது. அதனால் 'நமக்கு விதியே இல்லை' என்று சிலர் சொல்வார்கள். ஆள் கீழே இருக்கிறார் என்றால் நூறு வருட மழைக்குக் குறைந்து நான் எடுப்பதில்லை. நூறு வருட மழை என்றால் நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. சுரங்கம் 25 வருடம் ஓடினால், அதற்குள் ஒரு முறையாவது அது வர நூற்றுக்கு 22 வாய்ப்பு.

உங்கள் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள். வடிகாலும் படிவுக்குட்டையும் அந்தப் பகுதியின் உச்ச மழைக்கு மேல் 50 சதவீதம் கூடுதலாக வடிவமைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை பல சுரங்க அனுமதிகளில் இருக்கிறது. உங்களுடையதில் இருந்தால் அது கட்டாயம்.

மழை எண்ணுக்கு இந்திய வானிலைத் துறையின் தகவலைக் கேட்டு வாங்குங்கள். காலை 8.30-க்கு ஒரு முறை அளக்கும் மழைமானி நாள் மழையைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது பத்து நிமிட மழை. தானே பதிவுசெய்யும் மழைமானியின் தகவல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நாள் மழையிலிருந்து குறுகிய நேர மழையைக் கணிக்க நம் நாட்டில் புழங்கும் மூன்றில் ஒரு பங்கு அடுக்கு விதி இருக்கிறது: நேரத்தை 24-ஆல் வகுத்து, கனமூலம் எடுத்து, நாள் மழையால் பெருக்க வேண்டும். கணக்குப் பழகுவதற்காக நாள் மழை 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடம் என்பது ஒரு நாளில் 144-ல் ஒரு பங்கு. 144-ன் கனமூலம் 5.24. 150-ஐ அதனால் வகுத்தால் 28.6 மி.மீ. பத்து நிமிடத்தில் அவ்வளவு என்றால் மணிக்கு 172 மி.மீ. வேகம். கோடை இடி மழையையும் அக்டோபர் மாலை மழையையும் இங்கே பார்த்தவர்கள் இந்த எண்ணைக் கண்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஏன் பத்து நிமிடம்? நீர்ப்பிடிப்பின் தொலைமுனையிலிருந்து தண்ணீர் குட்டைக்கு வந்து சேரும் நேரம்தான் அளவுகோல். நமது எடுத்துக்காட்டில் ஓடைநீளம் 600 மீட்டர், இறக்கம் 45 மீட்டர். கிர்பிச் சூத்திரத்தில் போட்டால் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். பத்துக்குக் கீழே போகாமல் பத்தாக எடுத்துக்கொள்கிறோம். மலையடிவாரத்தில் எல்லாம் வேகமாக நடக்கும் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

இனி வரும் வெள்ளம்: 11 × 172 ÷ 360 = 5.26. (ஹெக்டேரையும் மணிக்கு மி.மீ.-ஐயும் வினாடிக்குக் கன மீட்டராக மாற்றத்தான் 360.) வினாடிக்கு 5.26 கன மீட்டர். 50 சதவீதம் கூட்டினால் 7.9.

நீர்ப்பிடிப்பின் பரப்பை வைத்து வெள்ளத்தைக் கணிக்கும் ரைவ்ஸ் சூத்திரத்தை யாராவது எடுத்து நீட்டுவார்கள். தமிழ்நாட்டு ஏரிகளுக்குக் காலங்காலமாகப் பயன்படுவதுதான். ஆனால் அது பெரிய நீர்ப்பிடிப்புகளுக்கானது. 18 ஹெக்டேர் கழிவுமேட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

கலிங்கு எவ்வளவு விடும்

அகன்ற தலை கொண்ட கலிங்குக்குச் சூத்திரம் எளிது: கெழு × அகலம் × உயரத்தின் ஒன்றரை அடுக்கு. நல்ல வழவழப்பான கான்கிரீட்டுக்குக் கெழு 1.7 வரை எடுக்கலாம். நம் சுரங்கங்களில் இருக்கும் சொரசொரப்பான கட்டுமானத்துக்கு நான் 1.6 எடுக்கிறேன். உயரம் என்பது கலிங்கு மட்டத்துக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம். கரையின் விளிம்புவரை தண்ணீர் நிற்க விடக்கூடாது, அரை மீட்டர் மிச்சம் வேண்டும். அலை, கரை அமுங்குதல், கணக்கில் வரும் பிழை எல்லாவற்றுக்கும் அதுதான் பாதுகாப்பு.

வரைபடப்படி: 1.20-ல் அரை மீட்டர் போக 0.70. அதன் ஒன்றரை அடுக்கு 0.586. 1.6 × 3 × 0.586 = வினாடிக்கு 2.8 கன மீட்டர். கீழே வரும் எண்களும் வினாடிக்குத்தான்.

தரையில் உள்ளபடி: 0.95-ல் அரை மீட்டர் போக 0.45. வெளியேறுவது 1.45 கன மீட்டர். ஒரு லாரி டயர் தேய்த்த 25 சென்டிமீட்டரில் கலிங்கின் திறன் பாதியாகிவிட்டது.

இப்போது அந்த மணல் மூட்டையை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வைத்துப் பாருங்கள். மிச்சம் 0.15 மீட்டர். வெளியேறுவது 0.28 கன மீட்டர். வருவதோ 5.26.

பாதுகாப்பு மிச்சத்தையும் விட்டுவிட்டு, மூட்டையும் இல்லாமல், தாழ்ந்த இடத்தின் விளிம்புவரை 0.95 மீட்டர் தண்ணீர் நிற்கவிட்டாலும் 4.4 கன மீட்டர்தான் போகும். வருவது அதைவிட அதிகம். அப்படியென்றால் அந்த லாரித் தடத்தில் தண்ணீர் வழியும்.

குட்டை காலியாக இருந்தால் கொஞ்சம் தாங்குமே என்று கேட்பீர்கள். தாங்கும். ஆனால் சேலத்தில் பெரிய மழை வருவது ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள், அதுவும் அடுத்தடுத்த மாலைகளில். நேற்றைய மழையில் குட்டை நிறைந்துதான் இருக்கும். பாதி வண்டல் வேறு. கலிங்கு மட்டம்வரை நிறைந்த குட்டையில்தான் இந்த மழை விழுகிறது என்றே கணக்கைத் தொடங்குங்கள்.

பெயின்ட்டில் குறித்த வெள்ளக்குறி நினைவிருக்கிறதா? கலிங்கு மட்டத்துக்கு மேல் 0.40 மீட்டரில் அது இருந்தால், அன்றைக்கு 1.2 கன மீட்டர் போயிருக்கிறது. அன்றைய மழை எவ்வளவு என்று பதிவேட்டில் பார்த்து, உங்கள் ஓட்டக் கெழு நியாயமானதா என்று ஒப்பிடலாம். இது உங்கள் குட்டை தானே சொல்லும் எண். எந்தப் புத்தக எண்ணைவிடவும் இதற்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

கலிங்குக்குக் கீழே

கலிங்கைத் தாண்டிய தண்ணீர் எங்கே போகிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. நமது கலிங்கின் தலையிலேயே வினாடிக்கு 2 மீட்டர் வேகம் வரும். சரிவில் இறங்கும்போது அது இன்னும் கூடும். கல் பதிப்பு இல்லாத மண் அதைத் தாங்காது. கான்கிரீட் முடியும் இடத்தில் குனிந்து கையை உள்ளே விட்டுப் பாருங்கள். முழங்கைவரை உள்ளே போனால் அடிமண் கரைந்து தளம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பக்கச் சுவருக்கும் கரைமண்ணுக்கும் நடுவே விரிசலும் ஈரமும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது லாரிப் பாதைக்கு அடியில் போகும் ஹ்யூம் பைப் என்ற கான்கிரீட் குழாய். 600 மி.மீ. குழாய் ஒன்று அரை கன மீட்டர் அளவுக்குத்தான் சுகமாக விடும். மேலே கலிங்கை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கீழே ஒற்றைக் குழாய் இருந்தால், தண்ணீர் அங்கே தேங்கி கலிங்கையே மூழ்கடிக்கும். அதற்குப் பதில் பாதையைத் தாழ்த்தி கான்கிரீட் தரைப்பாலம் போடுவது நல்லது. மழை நேரத்தில் லாரி நிற்கும், நிற்கட்டும்.

என்ன செய்யச் சொல்வது

முதலில் செலவில்லாத வேலைகள். மூட்டையையும் பலகையையும் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். லாரி நிரப்பும் இடத்தைக் கரையிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுங்கள். குழிந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மட்டம் செய்துவிட்டால் போதாது. மேல் மண்ணைக் கிளறி, ஈரப்படுத்தி, அரையடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு ரோலர் விட வேண்டும். இல்லையென்றால் முதல் மழைக்கே அமுங்கும்.

அப்புறம் அகலம். கரையை 1.20-க்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால், 0.70 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மீட்டர் அகலமும் 0.94 கன மீட்டர் விடும். 5.26-க்கு 5.6 மீட்டர் அகலம் வேண்டும், 7.9-க்கு 8.4. எட்டரை மீட்டர் என்று எழுதுங்கள். கலிங்கின் மட்டத்தைத் தாழ்த்தி உயரத்தைக் கூட்டலாம் என்ற யோசனையும் வரும். அப்படிச் செய்தால் நீர் நிற்கும் நேரம் குறைந்து மண் படியாமல் ஓடைக்குப் போய்விடும். இடம் இருக்கும்வரை அகலத்தைக் கூட்டுவதே மேல்.

ரிப்போர்ட்டில் அளந்த தேதி, லெவல் எடுத்த எண்கள், தாழ்ந்த இடத்தின் புகைப்படம், இரண்டு நீர்ப்பிடிப்புக் கணக்கு, வருவது எவ்வளவு, போவது எவ்வளவு, இவை இருந்தால் போதும். முதல் பக்கத்திலேயே 'போதாது' என்ற சொல்லை எழுதுங்கள். 'மேம்படுத்த வாய்ப்பு உள்ளது' என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மேலதிகாரிக்குக் கசப்பாக இருக்கும், பரவாயில்லை. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்திலிருந்து ஆய்வாளர் வரும்போதும் அந்தக் காகிதம்தான் பேசும்.

வேலை முடியும்வரை மழை காத்திருக்காது. அதனால் கலிங்கின் பக்கச் சுவரில் பெயின்ட்டால் ஒரு அளவுகோல் வரையுங்கள். கலிங்கு மட்டம் பூஜ்யம், அங்கிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. கரையின் தாழ்ந்த இடத்துக்கு அரை மீட்டர் கீழே சிவப்புக் கோடு. நமது குட்டையில் அது 45-ல் வரும். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் எடைமேடையிலும் ஓய்வறையிலும் இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும், யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று மேனேஜரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். அந்த நேரத்தில் கரையை வெட்டி விடலாம் என்று மண்வெட்டியோடு யாரும் ஏறக்கூடாது. இரவு ஷிஃப்ட் வாட்ச்மேனுக்கு டார்ச்சும், அழைக்க வேண்டிய எண்ணும் கொடுத்து, ஒரு முறை அவரையே கோட்டைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இருட்டில், மழையில், அவர் நிற்கும் இடத்திலிருந்து அந்தச் சிவப்பு தெரிகிறதா என்று நீங்களும் ஒரு இரவு போய் நின்று பாருங்கள்.